அளவும் நோக்கும்: ‘வெண்பா’ விளையாட்டும் மலைபடுகடாமும்

ஒரு படைப்பைத் துய்த்து முடித்தற்கு எத்துணைக் காலம் வேண்டும் என்னும் வினா, நூல்களைப் பற்றி எழுவதினும் வீடியோ விளையாட்டுகளைப் பற்றி இன்று மிகுதியாக எழுகின்றது. ஆடியோர் தத்தம் நேரத்தைக் குறித்துவைக்க, அவற்றைத் தொகுத்துச் சராசரி காணும் வழக்கம் நிலைபெற்றுள்ளது. அத்தொகுப்புகள் பெரும்பாலும் மூவகை அளவைத் தரும். கதையை மட்டும் முடித்தற்கு ஆகும் காலம் ஒன்று. கிளைச்செயல்கள் சிலவற்றையும் சேர்த்து முடித்தற்கு ஆகும் காலம் மற்றொன்று. எதுவும் எஞ்சாமற் கண்டு முடித்தற்கு ஆகும் காலம் பிறிதொன்று. மீண்டும் ஆடத் தகுவதோ என்பதும் உடன் வினவப்படும். இவ்வளவைகள் எதனை அளக்கின்றன, எதனை அளவாது விடுகின்றன என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தமிழர்க்கு அணிமையான சான்று ஒன்று உண்டு. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023 சூலையில் வெளியிட்ட விளையாட்டின் பெயர் ‘வெண்பா’. 1980-களிற் கனடாவிற் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தலைவியின் பெயரே விளையாட்டிற்கும் பெயராயிற்று. தாய் தந்த சமையற் குறிப்பேடு சிதைந்து கிடக்க, விடுபட்ட செய்முறையை உய்த்துணர்ந்து சமைத்தல் ஆடுவோர் கடன். 2024-இல் முதற்படைப்பிற்குரிய பாப்டா விருதினை இது பெற்றது. ஆயினும் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துள் முடிந்துவிடுகின்றது என்பது இதன்மேற் கூறப்பட்ட குறைகளுள் ஒன்று. இக்குறை குறைதானா என்பதே வினா.

இவ்வினாவிற்கு விடைகாணச் சவ்வாது மலைப்பகுதியைப் பாடிய பழம்பாட்டொன்று துணைசெய்யும். பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளான் இயன்றது. அதன் தலைவன் நன்னனது ஊராகிய செங்கண்மா, சவ்வாது மலையை அடுத்துள்ள இன்றைய செங்கம். பாட்டிற் கூறப்படும் சேயாறு அம்மலையில் தோன்றி ஓடுவது. நன்னனைக் கண்டு பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் கூத்தனுக்கு வழி கூறுவதே பாட்டின் அமைப்பு. எனவே, முடித்தவன் முடியாதவனுக்கு வழியின் அளவை உரைக்கும் நிலை ஈண்டு உளது. பட்டியல் தருவோனும் இந்நிலையிலேயே நிற்கின்றான்.

ஆனால் அக்கூத்தன், வழி முழுவதற்கும் இத்துணை நாள் என ஓர் எண் கூறி அமைந்தானல்லன். இரவில் எங்குத் தங்குதல் வேண்டும், பன்றிக்கு வைத்த பொறி எங்கு உளது, கவண்கல் எங்கிருந்து வரும், வழுக்கும் பாறையில் எவ்வாறு அடிவைத்தல் வேண்டும் என்பனவற்றைக் கூறினான். வழி தவறின் இசைக்கருவிகளை இயக்குமின், கானவர் வந்து உதவுவர் என்றான். தான் கடந்த வேகத்தைப் பிறர்க்கு விதியாக்காமல், எங்கு விரைதல் தகும், எங்கு அமைதல் தகும் என்பதைக் காட்டினான். பட்டியலிற் சராசரி எண் ஒன்றே நிற்கும். வழுக்கும் இடம் எது என்பது அதனுட் புலனாகாது.

இன்னும் ஒன்று. மலையில் எழும் பல்வேறு ஓசைகளை அடுக்கிக் கூறும் பகுதி இப்பாட்டில் நீண்டு செல்கின்றது. அருவி, விலங்கு, புள், மாக்கள் எனப் பலவற்றின் ஒலியும் அங்குத் திரண்டு கேட்கின்றன. வழிச்செலவு அப்பகுதியில் ஓரடியும் முன்னேறுவதில்லை. முடிவை அடைதலே பயன் எனின், அதனை நீக்கிவிடலாம். ஆனால் மலையை யானையாகவும் அதன்கண் எழும் ஓசையை மதமாகவும் கொண்ட ‘மலைபடுகடாம்’ என்னும் பெயர் அப்பகுதியிலிருந்தே பிறந்தது. கிளை எனத் தள்ளத்தக்க பகுதியே பாட்டின் உயிராய் நிற்றலின், முதன்மை, கிளை என்னும் பட்டியற் பாகுபாடு எப்படைப்பிற்கும் பொருந்தும் எனல் சாலாது.

இனி, அளவே வேண்டா என்பது தமிழ் மரபு அன்று. தொல்காப்பியர் செய்யுள் உறுப்புகளுள் அளவியலையும் ஒன்றாக வைத்தார். ஆசிரியப்பாவிற்குச் சிற்றெல்லை 3 அடி, பேரெல்லை 1000 அடி. நெடுவெண்பாட்டு 12 அடி, குறுவெண்பாட்டு 7 சீர் என வரையறுத்தார். அளவு அவ்வப் பாவின் இயல்பிற்கு உரியது என்பது இதனாற் பெறப்படும். 583 அடி கொண்ட பாட்டின் அருகே வைத்து 7 சீர் கொண்ட பாட்டைக் குறையுடையது என்பார் இலர். நூறு மணி ஆடும் விளையாட்டை அளவுகோலாக்கி ‘வெண்பா’வைக் குறுகியது எனப் பழித்தல் இத்தகையதே. ஓர் இல்லத்தின் பல்லாண்டு வாழ்வைச் சில உணவுகளின் வாயிலாகச் சுருங்கச் சொல்லும் படைப்பிற்கு அக்கால அளவு பொருந்துவதேயாம். பெயரும் அளவும் ஒத்து நிற்றல் கருதத்தக்கது.

மீண்டும் ஆடுதற்கு வருவோம். விடுபட்ட செய்முறை ஒருமுறை விளங்கியபின் புதிராக நிற்றல் இல்லை. ஆதலின் இரண்டாம் முறை காலம் சுருங்கும். பட்டியல் இச்சுருக்கத்தைக் காட்டும். மீள வந்ததன் காரணத்தைக் காட்டாது. செய்யுள் உறுப்புகளுள் ‘நோக்கு’ என்பதற்கு, கேட்டாரை மறித்து நோக்கிப் பயன்கொள்ளச் செய்வது எனப் பொருள்பட உரைத்தார் பேராசிரியர். முதன்முறை வழி தேடியவர் மறுமுறை முகம் நோக்குவர். மகன் விலகிச் செல்லுங்கால் தாய் சமைத்ததன் பொருளை உணர்வர். பல நாள் தங்கினும் நன்னன் தலைநாள் போன்ற விருப்பொடு பேணுவான் என்கின்றது மலைபடுகடாம். மறித்து வருவாரைத் தலைநாள் விருப்பொடு ஏற்பதே சிறந்த படைப்பின் இலக்கணம் எனலாம்.

அற்றேல் நேரக் கணக்கு பயனற்றதோ எனின், அன்று. உழைத்துக் களைத்தவர்க்குக் கிடைப்பது ஒரு மாலைப்பொழுதே, பொருளும் சிறிதே. அவர் அளவறிய விரும்புதல் தவறாகாது. வழி வினவிய கூத்தனும் பசித்த சுற்றத்தை உடன்கொண்டவனே. ஆயின் எண்ணைக் கூறுவோர், எதனை விட்டு விரைந்தனர் என்பதையும் எங்கு நின்றனர் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். திறனாய்வாளர் கடனும் அதுவே. அளவு வழியைக் காட்டும்; நோக்கு வந்ததன் பயனைக் காட்டும். முன்னதைக் கொண்டு பின்னதை அளத்தல் பொருந்தாது என்பது இவ்வாய்வாற் பெறப்படும் முடிபாகும்.