எண்ணிக் கொடுக்கும் குண்டுகள்

சாமல்பட்டி, ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து போச்சம்பள்ளி, ஓசூர் ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பெயிண்ட்பால் பெரும்பாலும் கம்பெனி அவுட்டிங்கில்தான் அறிமுகமாகிறது. பெங்களூரு பக்கத்து ரிசார்ட் ஒன்றில் மாஸ்க்கை மாட்டி, துப்பாக்கியைக் கையில் கொடுத்து, ஐந்து நிமிடம் விதி சொல்லி உள்ளே விடுவார்கள். சாயக்குண்டு மேலே பட்டு உடைந்தால் அவுட். கையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். கபடியிலாவது நம் அணி புள்ளி எடுத்தால் திரும்ப உள்ளே வரலாம். இங்கே பெரும்பாலும் ஆட்டம் முடியும்வரை வேடிக்கைதான்.

அமெரிக்காவில் மரத்துக்கும் மாட்டுக்கும் தூரத்திலிருந்தே அடையாளம் போடச் செய்த கருவி இந்தத் துப்பாக்கி. 1981 ஜூன் 27 அன்று, நியூ ஹாம்ப்ஷயரின் ஹெனிக்கர் காட்டில் 12 பேர் இதை வைத்து முதல் ஆட்டம் ஆடினார்கள். ஆளுக்கு ஆள் போட்டி. அடிபடாமல் கொடிகளைச் சேர்த்துக்கொண்டு வெளியே வர வேண்டும். ஜெயித்தவர் ரிச்சி வைட் என்ற வனத் தொழிலாளர். அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை!

ஆட்டத்தின் ருசி இப்படிச் சுடாமல் பதுங்குவதில் இருக்கிறது. நம் பக்கம் அதைக் கெடுப்பது கட்டண முறை. இத்தனை குண்டுக்கு இத்தனை ரூபாய், தீர்ந்தால் மறுபடி வாங்கு. சுடச்சுட நடத்துபவருக்கு லாபம். காசு கொடுத்தவனுக்கும் குண்டை மிச்சம் வைக்க மனசு வராது. டயர் அடுக்குக்குப் பின்னால் நின்று படபடவென்று சுட்டுத் தீர்த்துவிட்டு வருகிறார்கள். கொடியை யாரும் தேடுவதில்லை.

குழு உணர்வு வளரும் என்கிறார்களே, அது முழுப் பொய்யில்லை. "இடப்பக்கம் ஆள் வரான்" என்று ஒருவர் கத்தாவிட்டால் இன்னொருவர் அவுட். சூப்பர்வைசரை டிரெய்னி சுடலாம். சுட்டால் சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் பஸ் ஏறுவது ஆபீஸ் ஆட்கள். லைனில் நிற்கும் காண்ட்ராக்ட் தொழிலாளியின் பெயர் அந்தப் பட்டியலில் அபூர்வம். அப்புறம் எந்தக் குழு?

பாதுகாப்பு இன்னும் முக்கியம். மூன்று கிராம் குண்டு. வேக வரம்பு நொடிக்கு 300 அடி, அதாவது மணிக்குச் சுமார் 330 கிலோமீட்டர். தோலில் பட்டால் கன்றிப்போகும், நாலு நாளில் ஆறும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். வேர்வையில் மாஸ்க் கண்ணாடியில் ஆவி படியும்போது, துடைக்க ஒரு நொடி தூக்குகிறோம் பாருங்கள், ஆபத்து அங்கேதான். துப்பாக்கியின் வேகத்தை ஆட்டத்துக்கு முன் அளந்து காட்டும் இடத்தை இந்தப் பக்கம் நான் இன்னும் பார்க்கவில்லை. பழைய குண்டு உடையாமல் தெறித்தால் வலி இன்னும் அதிகம்.

விளையாட்டு நல்லது, விற்கும் விதம் மோசம். அவுட்டிங் ஏற்பாடு செய்யும் ஹெச்.ஆர். அதிகாரிகளே, குண்டுக் கணக்கை விட்டு மணிக் கணக்கில் மைதானத்துக்கு வாடகை பேசுங்கள், கொடி ஆட்டம் கேளுங்கள், வேகத்தை அளக்கச் சொல்லுங்கள். லைன் ஆட்களுக்கும் பஸ்ஸில் இடம் போடுங்கள்.