கரும்பலகையில் ஓர் அட்டவணை

பிரச்சாரம் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலர் மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். அது பலிக்கிறதா என்று எண்ணிப் பார்த்தவர்கள் வேறு துறைக்காரர்கள். அவர்கள் கண்டது, உருவம் பற்றிய நம் சர்ச்சைக்கு நேரடியாக வேண்டிய விஷயம்.

மேற்குக் கென்யாவில் 328 தொடக்கப் பள்ளிகள். பாதியில், அரசின் எய்ட்ஸ் பாடத்தை நடத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. பாடத்தின் சாரம் ஒன்றுதான்: திருமணம் வரை வேண்டாம். 2004இல், குலுக்கலில் விழுந்த 71 பள்ளிகளின் எட்டாம் வகுப்புக்கு வெளியாள் ஒருவர் வந்தார். 40 நிமிஷம். வயது முதிர்ந்த ஆண்களோடு பழகும் பெண்கள் பற்றி 10 நிமிஷப் படம். பிறகு, அருகிலுள்ள நகரத்தில் எந்த வயதில், ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு நோய் என்று கரும்பலகையில் எழுதினார். போய்விட்டார். பாஸ்கலின் டுபா என்ற பொருளாதார ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட முடிவு: ஆசிரியர் பயிற்சியால் கர்ப்பம் குறையவில்லை, அட்டவணை கண்ட பெண்களிடம் 28 சதவீதம் குறைந்தது.

பெண்கள் சொன்னதை மட்டும் அவர் நம்பவில்லை, கர்ப்பத்தை எண்ணினார். இந்த விஷயத்தில் வாக்குமூலம் என்பது கேட்பவருக்காகப் புனையப்படும் பிரதி என்பது ஆய்வாளருக்குத் தெரிந்திருக்கிறது. தன்மையில் எழுதினாலே சத்தியம் என்று நம்பும் நம் கதாசிரியர்கள் கவனிக்கலாம்.

போதனை தோற்றது, அட்டவணை ஜெயித்தது என்றால் தகவல் கலையை வென்றுவிட்டது என்று சிலர் துள்ளக்கூடும். நான் அப்படி வாசிக்கவில்லை. நாளெல்லாம் அட்டவணையோடு குப்பை கொட்டுகிற வங்கிக் குமாஸ்தா நான். எண்கள் தாமாக யாரையும் அசைப்பதில்லை. அரசுப் பாடம் அந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே முடிவான ஒரு வாக்கியத்தை ஒப்பிக்கச் சொன்னது. கரும்பலகை இரண்டு எண்களைக் காட்டி, கழித்தலை அவளிடம் விட்டது. தன் வயதுப் பையனுக்கும் சோப்பும் பள்ளிக் கட்டணமும் தரும் பெரிய மனிதனுக்கும் இடையிலுள்ள தூரத்தை அவளே அளந்தாள். வாசகிக்கு இடம் விட்ட பிரதி அது.

2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களெங்கும் ஒரு கேள்வி: புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். மொழித் திறனில் கென்யக் கரும்பலகை இதன் கிட்டே வராது. வாய்க்கு வாய் போயிற்று. ஆனால் வாக்கியத்தின் எழுவாயைப் பாருங்கள்: படர்க்கை. நோய் யாரோ ஒரு ராஜாவுக்கு வரும் அல்லது வராது. கேட்பவன் வேடிக்கை பார்ப்பவன். எங்கள் வகுப்பில் அதிலிருந்து தேறியது ஒருவனுக்கு ஒரு பட்டப்பெயர். ஆணுறை என்றால் என்ன என்று எவனும் எவரையும் கேட்கவில்லை. பதில் பிற்பாடு மஞ்சள் பத்திரிகையில் கிடைத்தது, தப்பாக.

கென்யக் கணக்கிலும் ஓட்டைகள் உண்டு. கர்ப்பம் எண்ணப்பட்டது, நோய்த் தொற்று அளக்கப்படவில்லை. போட்ஸ்வானாவில் அதே பாடத்தைச் சோதித்தபோது பலன் நிலைக்கவில்லை. நடத்தியவர்களே அதை விரிக்காமல் நிறுத்திக்கொண்டார்கள். தோல்வியை அச்சில் ஒப்புக்கொண்டு கடையைக் கட்டிய இலக்கிய இயக்கம் எதுவும் என் நினைவில் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த 28 சதவீதத்தில் ஒருத்தி, பெரிய மனிதனை விட்ட மறுநாள் சோப்புக்கு என்ன செய்தாள்? அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை. அதை எழுத வேண்டியவர்கள் நாம். நாமோ பதினைந்து வயதுப் பெண்ணைப் பற்றி எழுதும்போதெல்லாம் அந்த அரசுப் பாடத்தையே திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம், கொஞ்சம் நல்ல நடையில்.