தெளிந்த நீரும் தெளியாத கணக்கும்

நுண்பாசியிலிருந்து எரிபொருள் எடுக்கலாம் என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. முருங்கை விதை போன்ற நம் நாட்டுப் பொருள்களைக் கொண்டே பாசியை மலிவாகத் திரட்டிவிடலாம், ஆகவே எரிபொருளும் மலிவாகும் என்று இப்போது சொல்கிறார்கள். இக்கூற்றில் முதற்பாதி சரி. மறுபாதியைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

புதுவெள்ளத்தில் கலங்கிவரும் தாமிரபரணி நீரைக் குடத்தில் பிடித்து, தேற்றாங்கொட்டையை இழைத்துத் தெளியவைக்கும் முறை ஸ்ரீவைகுண்டம் பக்கத்து முதியவர்களுக்குப் புதிதன்று. நுண்பாசி நீரும் ஒருவகைக் கலங்கலே. 5 மைக்ரான் விட்டமுள்ள பாசிச் செல், அசையாத நீரில் மணிக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் இறங்கும். செல்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்குகின்றன. முருங்கை விதையிலுள்ள நேர்மின்னூட்டப் புரதம் இவ்விலக்கலைத் தணித்து அவற்றைத் திரளச் செய்கிறது. திரள் பெரிதானால் விரைந்து படியும் என்பது ஸ்டோக்ஸ் விதி. எண்ணெய் ஆட்டிய பிண்ணாக்கே இதற்குப் போதும். படிகாரத்தைப் போல அலுமினியம் பாசியில் தங்குவதுமில்லை.

இனி மறுபாதி. திறந்த குட்டையில் லிட்டருக்கு 1 கிராம் பாசி விளைந்தாலே நல்ல விளைச்சல். அதாவது 1 கிலோ உலர்பாசிக்கு 1000 லிட்டர் நீர். நன்றாகப் படியவைத்தால் சுமார் 20 லிட்டர் குழம்பு மிஞ்சும். 980 லிட்டரை நீக்கியது பெரிய காரியமே. ஆனால் குழம்பில் இன்னும் 19 லிட்டர் நீர் உள்ளது. ஒரு லிட்டரை ஆவியாக்கச் சுமார் 2.3 மெகாஜூல் என்றால், மொத்தம் 43 மெகாஜூலுக்கு மேல் வேண்டும். அந்த 1 கிலோ பாசியை முழுவதும் எரித்தாலும் கிடைப்பது ஏறத்தாழ 20 மெகாஜூல்தான்! வெயிலில் உலர்த்தலாம், அதற்குப் பரந்த களமும் மழையில்லாத நாள்களும் வேண்டும். விதையைப் புகழ்வோர் இந்த 19 லிட்டரைப் பற்றிப் பேசுவதில்லை.

அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை பாசி எரிபொருள் ஆய்வை நடத்தி நிறுத்தியது. பெட்ரோலிய விலையோடு பாசி எண்ணெய் போட்டியிட முடியவில்லை. 2009இல் இத்துறையில் இறங்கிய எக்ஸான் மொபில் நிறுவனமும் பின்னர் விலகிக்கொண்டது.

அப்படியானால் விதை வீணா? இல்லை. குழம்பை உலர்த்தாமல், சாண எரிவாயுக் கலனில் சாணத்தோடு சேர்த்து இடலாம். அங்கே நீர் சுமையன்று, தேவை. கழிவுநீர்க் குட்டையில் பாசியை வளர்த்தால் நீரும் ஓரளவு தூய்மையாகும். விதைக்கு ஏற்ற வேலை இதுவே.

ஆகவே, பாசியில் எத்தனை விழுக்காடு திரண்டது என்று படித்தவுடன் மகிழ்ந்துவிடாமல், திரண்டதில் நீர் எவ்வளவு, அதை நீக்க ஆகும் ஆற்றல் எவ்வளவு என்றும் வாசகர்கள் கேட்க வேண்டும்.