சாட்சியமும் சட்டமும்: ஒரு பேராயரின் சிறுநூலை முன்வைத்து

2022 நவம்பரில், அன்று ஆக்ஸ்ஃபோர்டு பேராயராயிருந்த ஸ்டீவன் க்ராஃப்ட், ‘அன்பிலும் விசுவாசத்திலும் ஒன்றாக’ எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு சிறுநூலை வெளியிட்டார். ஒருபால் இணையர்க்குத் திருமணம் செய்துவைக்க, விரும்பும் குருமாருக்கு இங்கிலாந்துத் திருச்சபை உரிமையளிக்க வேண்டும் என்பது அதன் முடிபு. 2013ஆம் ஆண்டின் சட்டம் அத்தகைய திருமணத்தை அரசளவில் ஏற்றபோதும், அத்திருச்சபையை அதனின்றும் விலக்கியே வைத்திருந்தது. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் வழியே தமிழகத்தோடும் உறவுடையது ஆங்கிலிக்க மரபு. எனவே, இது நம் அண்டை வீட்டாரின் விவாதமும் ஆகும்.

நூலின் வலிமை அதன் நேர்மை. தம் கருத்து மெல்ல மாறியதைப் பேராயர் மறைக்கவில்லை. திருச்சபையால் காயமுற்றோரிடம் மன்னிப்பும் கோருகிறார். ஆயினும் இங்கே இரு வினாக்கள் ஒன்றாகப் பிணைகின்றன. வேதம் என்ன விதிக்கிறது என்பது ஒன்று. மனிதர்களை நாம் எவ்வாறு நடத்தினோம் என்பது மற்றொன்று. காயம், தவறு நேர்ந்ததற்குச் சான்று. அத்தவறு போதனையிலா, அதைக் கையாண்ட முறையிலா என்பதை அது தானாகச் சொல்லிவிடாது. இந்நூலுக்கு மறுப்பெழுதிய ஆக்ஸ்ஃபோர்டு குரு வாகன் ராபர்ட்ஸ், தமக்கும் அத்தகைய ஈர்ப்புண்டு என முன்பே வெளிப்படையாகக் கூறித் துறவொழுக்கம் பூண்டவர். சாட்சியத்திற்கு எதிர்சாட்சியம் எழும்போது, அவற்றை எடைபோட ஒரு விதி வேண்டும். அதுவே நூலின் வலுக்குறைந்த இடம்.

ஆங்கிலிக்க வரலாற்றிலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. பலதார மணம் புரிந்த ஸூலு மக்கள் ஞானஸ்நானம் பெறுவதற்காக மனைவியரை விலக்க வேண்டியதில்லை என்று 19ஆம் நூற்றாண்டில் வாதாடினார் நேட்டால் பேராயர் கொலென்ஸோ. 1888இன் லாம்பெத் மாநாடு அத்தகைய ஆண்களுக்கு ஞானஸ்நானத்தை மறுத்தது. சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 1988இன் மாநாடு நிபந்தனையோடு இசைந்தது; விலக்கப்படும் பெண்களின் ஆதரவற்ற நிலையே காரணமாய்க் கூறப்பட்டது. இது இருபுறமும் வெட்டும் வாள். கண்டிப்பின் விலையை எளியோர் நெடுங்காலம் செலுத்தக்கூடும் என்பதை அது காட்டுகிறது. திருமணத்தின் வரையறையை மாற்றாமலே அவ்விலையைத் தவிர்க்கலாம் என்பதையும் காட்டுகிறது.

இரு தரப்பார்க்கும் மனசாட்சிச் சுதந்திரம் என்பதே பேராயர் காணும் தீர்வு. நம் ஃபிக்ஹு மரபும் இக்திலாஃபை மதிப்பது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. எல்லை எங்கே என்பதே வழக்காயிருக்கையில், சுதந்திரம் தீர்வாகாது. 2023 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை இத்தகைய இணையர்க்கான ஆசி மன்றாட்டுகளை வரவேற்றதும், தென்னுலகப் பேராயர் பலர் கேன்டர்பரியின் தலைமையை இனி ஏற்பதில்லை என அறிவித்தது இதனை மெய்ப்பித்தது.

நிக்காஹ் ஆணுக்கும் பெண்ணுக்குமிடையிலான உடன்படிக்கை என்பதில் நம் மத்ஹபுகளுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. இந்நூல் அதனை அசைக்கவுமில்லை. ஆனால் பேராயரின் இரண்டாவது வினா நம்மையும் நோக்கியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் ஒருபால் உறவைக் குற்றப் பட்டியலினின்று நீக்கியது. 2023இல் திருமண உரிமையை அளிக்க மறுத்தது. இரண்டும் வேறு வேறு என்பதை நீதிமன்றம் பிரித்தறிந்தது. ஒரு செயலுக்கான விதியையும் ஒரு மனிதருக்குரிய கண்ணியத்தையும் நம் மிம்பர்களும் அவ்வாறே பிரித்தறிய வேண்டும். விதியில் உறுதியாயிருப்பவர் எவருக்கும், இழிசொல்லை மார்க்கத்தின் பெயரால் வழங்க உரிமையில்லை.