வளைவில் தெரியும் கை

ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தின் ஏடுகளில் நரேன் கார்த்திகேயன் பெயருக்கு நேரே இருப்பவை 5 புள்ளிகள். அவை அனைத்தும் 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் களத்தில் ஒரே நாளில் கிடைத்தவை. சாய்தளமாக உயர்ந்து செல்லும் வளைவின் அழுத்தத்தை மிஷெலின் டயர்கள் தாங்கா என்று அஞ்சி, அவற்றைப் பூட்டியிருந்த 14 கார்கள் பந்தயம் தொடங்குமுன்பே ஒதுங்கிக்கொள்ள, எஞ்சிய ஆறு கார்களுள் ஜோர்டான் அணியின் காரை ஓட்டிய நரேன் நான்காவதாக வந்தார். இப்போட்டியில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் என்ற வகையில் அந்த நாள் வரலாற்றில் நிற்கும். ஓட்டும் கலையை ரசிப்பவர் அவருடைய கைத்திறனைத் தேடிப் போக வேண்டிய இடங்கள் வேறு.

அவற்றுள் முதலாவது, பட்டறைகளால் வளர்ந்த கோயம்புத்தூரே. பம்பு, மோட்டார், வார்ப்பட வேலை ஆகியவற்றில் ஊறிய இந்நகரத்தில் எஸ். கரிவரதன் என்ற தொழிலதிபர், மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினை எடுத்து, சக்கரங்கள் வெளியே தெரியும் ஒற்றை இருக்கை உடலில் பொருத்தி, ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கினார். அவர் 1995இல் மறைந்த பின், செட்டிபாளையத்தில் அமைந்த பந்தயக் களத்துக்கு கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரே வைக்கப்பட்டது. ரேலி எனப்படும் நெடுவழிப் பந்தயங்களில் தேசிய சாம்பியனாக விளங்கிய ஜி.ஆர். கார்த்திகேயனின் மகனாக 1977இல் பிறந்த நரேன், ஸ்ரீபெரும்புதூர்க் களத்தில் தம் முதல் பந்தயத்தை ஓட்டியது இந்தச் சிறிய காரில்தான்.

விசை குறைந்த காரில் வளைவில் இழந்த வேகத்தை எஞ்சின் திருப்பித் தராது என்பதால், இழக்காமல் இருப்பதே ஓட்டுநரின் முழு வேலையாகிவிடுகிறது. நேர்ப்பாதையில் அழுத்திய பிரேக்கை ஒரேயடியாக விட்டுவிடாமல், ஸ்டியரிங் திரும்பத் திரும்பக் காலைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினால், காரின் எடை முன்சக்கரங்களில் தங்கி மூக்கு உள்விளிம்பை நோக்கி இழுக்கும். அந்த விளிம்பைத் தொட்ட கணத்திலேயே ஆக்சிலரேட்டர் திறக்க வேண்டும். நிறைகுடத்தோடு திரும்பும் நடையைப் போன்ற இந்த எடை மாற்றத்தில் பதற்றம் கலந்தால், டயரின் பிடி அங்கேயே கழன்றுவிடும். 1994இல் பிரிட்டனின் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றபோதும், 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டத்தைப் பெற்றபோதும் நரேனுக்குக் கைகொடுத்தது சிறிய எஞ்சின் பழக்கிய இந்தச் சிக்கனமே என்று கொள்ள இடமுண்டு.

மழை இறங்கினால் இக்கலை தலைகீழாகிறது. உலர்ந்த நாளில் டயர் ரப்பர் தேய்ந்து படிந்து பிடி தரும் வழக்கமான தடமே ஈரத்தில் வழுக்கும் தடமாகிவிட, ஓட்டுநர் அதை விட்டு விலகி, சொரசொரப்பான புறப்பாதையைத் தேட வேண்டியிருக்கிறது. மழை குழப்பிய 2005 மெல்போர்ன் தகுதிச் சுற்றில், மறுவாய்ப்பில்லாமல் களத்தில் தனியே ஓட வேண்டிய அம்முறையில், தம் முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கே நரேன் 12ஆவது இடத்தைப் பிடித்தார். 2012இல் மலேசியாவின் செப்பாங் களத்தில், எச்ஆர்டி என்ற மிக மெலிந்த அணியின் காரில் கடைசி வரிசையிலிருந்து கிளம்பியும், பெருமழையால் பந்தயம் நிறுத்தப்பட்டபோது அவர் 10ஆவது இடத்தில் இருந்தார். தொடக்கத்திலேயே முழு மழை டயர்களைப் பூட்டிய அணியின் துணிவுக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் அந்த டயர்களின் மேல் காரை நிறுத்தி வைத்தது ஓட்டுநரின் கை.

முதல் காரின் நேரத்துக்கு 107 விழுக்காட்டுக்குள் தகுதிச் சுற்றை முடிக்காதவர் பந்தயத்தில் சேர முடியாது என்ற விதியால், 2011, 2012 ஆகிய இரு ஆண்டுகளிலும் மெல்போர்னில் அவரால் பந்தயத்தில் இறங்கவே முடியவில்லை. 2011இல் வலென்சியாவில் புறப்பட்ட 24 கார்களும் பழுதின்றி முடித்ததால், 24ஆவதாக வந்த விசித்திரச் சாதனையும் அவருக்கு வாய்த்தது. வலுவில்லாத காரில் ஓட்டுபவரை எடைபோடப் பட்டியல் உதவாது. அதே காரில் அமர்ந்த மற்றொருவரே சரியான அளவுகோல். அவ்வாண்டு ஜூலை முதல் நரேனின் இருக்கையில் டேனியல் ரிச்சியார்டோ என்ற இளைஞர் அமர்ந்தார். பின்னாளில் எட்டுப் பந்தயங்களை வென்றவர் அவர். நான்கு மாத இடைவெளிக்குப் பின், அக்டோபர் 30 அன்று கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீயில் இருவரும் ஒரே அணியில் ஓட, நரேன் 17ஆவதாகவும் ரிச்சியார்டோ 18ஆவதாகவும் முடித்தனர். இண்டியானாபொலிஸின் 5 புள்ளிகளை விட இந்த ஓரிடம் கனமானது.

பின்னர் அவர் ஜப்பானுக்குச் சென்று, 2014 முதல் 2018 வரை சூப்பர் ஃபார்முலாவிலும், 2019இல் சூப்பர் ஜிடி தொடரில் நகாஜிமா ரேசிங் அணிக்காகவும் ஓட்டினார். அவ்வாண்டு நவம்பரில் ஃபூஜி களத்தில் ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் ஜப்பானியக் கார்களும் மோதிய கூட்டுப் பந்தயத்தில், வழக்கமாக அணிக்கு அணி மாறும் டயர்கள் அந்த ஒரு வாரம் எல்லாருக்கும் ஒரே நிறுவனத்தினுடையவையாக இருந்தன. ஞாயிறன்று நடந்த இரண்டாம் போட்டியில், ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரை ஓட்டிய 42 வயது நரேன் வென்றார்.