கோணேசர் கல்வெட்டும் குடிவழியும்

திருகோணமலையைப் பற்றிப் பேசுவோர் துறைமுகத்தின் ஆழத்தையும் அதற்காகப் போரிட்ட வல்லரசுகளையும் கூறி அமைவர். துறைமுகத்தைச் சூழ்ந்த வயல்களில் எவர் எந்த உரிமையால் நிலைபெற்றனர் என்று வினவுவோரோ கோணேசர் கல்வெட்டைப் புரட்டியே ஆகவேண்டும். பெயர்தான் கல்வெட்டு, ஏட்டில் வழங்கிய நூல் அது. கவிராசவரோதயர் இயற்றியது, செய்யுளும் உரைநடையும் விரவியது. பண்டிதர் இ. வடிவேலின் பதிப்பு 1993இல் வெளிவந்தது.

தொடக்கம் வழக்கமான குலப்பெருமையே. மனுநீதிகண்ட சோழனின் மரபில் வரராமதேவன், அவன் மகன் குளக்கோட்டன், கலி 512இல் திருப்பணி. கணக்கிட்டால் கி.மு. 26ஆம் நூற்றாண்டு வருகிறது! இதனை வரலாறென ஏற்க நம்மால் இயலாது. ஆயினும் கட்டுக்கதையென்று ஒதுக்கிவிடுவதும் எளிய வழியே. இத்துணைப் பழைமை எவருக்குத் தேவைப்பட்டது?

விடை நூலின் பிற்பகுதியில் உள்ளது. குளக்கோட்டன் தானத்தாரையும் வரிப்பத்தாரையும் குடியமர்த்துகிறான். வழக்குத் தீர்க்கவும் குற்றத்துக்குத் தண்டம் விதிக்கவும் மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலனை வரவழைத்து வன்னிபம் அளிக்கிறான். விளக்கு, மலர், நெற்குற்றல் என ஒவ்வொரு குடிக்கும் ஒரு தொழும்பு. தொழும்புக்கு ஈடாகக் காணியும் வரிசையும். குடிவழி இங்கே காணி உறுதியின் வேலையைச் செய்கிறது. தொலைவிலுள்ள வேல்ஸ் நாட்டிலும் பழைய சட்டப்படி நிலம் குலவழியே சென்றது. பாட்டன் பூட்டன் பெயரறியாதவன் அங்கும் காணி கோர இயலாது. நிலவுடைமைச் சமுதாயத்தில் முன்னோர் இவ்வாறுதான் பயன்பட்டனர்.

1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். அதன் கற்கள் கோட்டைக்குச் சென்றன. இடிக்கப்படாது எஞ்சியது இந்தத் தொழும்புப் பட்டியல். தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலில் அம்முறை தொடர்ந்தது. கல் அழிந்தபின் ஏடு கல்வெட்டாயிற்று என்றால் மிகையன்று.

கந்தளாய்க் குளத்திடம்தான் நமக்கு இந்நூலோடு பெரும் பிணக்கு. அதனைக் கட்டியவன் குளக்கோட்டன் என்பது இதன் கூற்று. பாளி மரபோ இரண்டாம் அக்கபோதி என்னும். இரு மன்னர்க்காகவும் வாதாட இன்று இரு சாராரும் உளர். மண் சுமந்தவர்க்கு மட்டும் எந்த மரபிலும் வழிமுறை இல்லை. நிலவெளியிற் கிடைத்த உண்மையான கல்வெட்டும் கோணேசருக்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்டதையே கூறுகிறது. உழுதவன் அதிலும் இல்லான்.

எனினும் ஒரு நன்மையை மறைக்கலாகாது. அரசனின் புகழ்பாட எழுந்த நூல், தன்னையறியாமலே நெற்குற்றியவரின் வேலையையும் எழுதிவைத்துவிட்டது. நம் பேராசிரியர்கள் சோழன் எந்தச் சோழன் என்பதில் செலவிட்ட உழைப்பில் ஒரு பங்கை அப்பகுதிக்குச் செலவிட்டிருக்கலாம். அடுத்துப் பதிப்பிப்போர் அரசர் பெயர் அட்டவணையோடு நில்லாது, நூலில் வரும் தொழில், அளவை, கருவி ஆகியவற்றின் பெயர்களையும் தனியே தொகுத்துத் தரல் வேண்டும்.