கரடிக்காது

ஆல்ப்ஸ் மலையின் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் மஞ்சளாகப் பூக்கிறது ஆரிகுலா என்ற பிரிமுலாச் செடி. ஆரிகுலாவுக்கு லத்தீனில் 'சின்னக் காது' என்று அர்த்தம். தடித்த இலையைப் பார்த்து ஐரோப்பியர்கள் கரடிக்காது என்றும் அழைத்தார்கள். எனக்குப் பிடித்த பெயர் அதுதான். இதுவும் ஹிர்சூட்டா என்ற இன்னொரு மலைப் பிரிமுலாவும் கலந்து பிறந்தது தோட்டங்களில் வளர்க்கும் ஆரிகுலாவான பியூபசென்ஸ்.

சில வகைகளின் இலையிலும் பூவின் நடுவிலும் அரிசி மாவு தூவியதுபோல் வெண்பொடி படிந்திருக்கும். செடியே சுரப்பது. விரல் பட்டால் தடம் விழும், மழை பட்டால் திட்டுத்திட்டாகக் கலையும். ஆகவே போட்டிக்கு வளர்ப்பவர்கள் பூக்காலத்தில் செடியைக் கூரைக்கடியில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அந்தப் பொடிக்காக எவ்வளவு பாடுபட்டாலும் தகும்.

இங்கிலாந்தின் லங்காஷயர் கைத்தறி நெசவாளர்கள் இந்தப் பூவின்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். செப்புக் கெண்டியைப் பரிசாக வைத்துப் போட்டி நடத்தினார்கள். பூவின் குழல்வாயில் சூல்முடி குண்டூசித் தலைபோல் எட்டிப் பார்த்தால் அது 'பின்', போட்டியில் தள்ளுபடி. மகரந்தப் பைகள் வாயை அடைத்து நின்றால் 'திரம்', அதற்குத்தான் மதிப்பு. திரம் என்பது தறிச்சொல்: நெய்த துணியை அறுத்தெடுத்தபின் தறியில் மிஞ்சும் பாவு நூல்நுனிகள். பூவுக்குள் உற்றுப் பாருங்கள், அப்படியேதான் இருக்கும், கத்தரித்த மஞ்சள் நூல் ஒரு கொத்து.